பத்தொன்பது படிகள்

இலண்டன் மாநகருக்குச் சென்று மீளும் நம்மவர் கண்டு வந்து கூறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பாராளுமன்றத்து மணிக்கூட்டுக் கோபுரம், தேம்ஸ் நதிப் பாலங்கள், அரண்மனை வாயிலில் காவல் மாறும் காட்சி, பெரிய நூதனசாலைகள் என அந்தப் பட்டியல் நீளும். இவ்விடங்களுக்கெல்லாம் தம்மைக் கொண்டு சென்ற நிலக்கீழ்ப் புகையிரதத்தைப் பற்றியும் அவர்கள் வியந்து பேசுவார்கள். ஆனால், அப்புகையிரதம் இடைவழியில் அரை நிமிடம் நின்று செல்லும் சிறு நிலையங்களைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. நாள்தோறும் ஏறி இறங்கும் உள்ளூர் மக்களுக்கன்றி மற்றையோருக்கு அவை வெறும் பெயர்ப்பலகைகளே.

அத்தகைய நிலையங்களுள் ஒன்றாகிய பெத்னல் கிறீன் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். அங்கே கோபுரம் இல்லை. சிற்ப மண்டபம் இல்லை. நிலத்தின் மேலே நிலையக் கட்டடந்தானும் இல்லை. தெருமுனையில் ஒரு படிக்கட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தப் படிக்கட்டைக் காண்பதற்கென்றே ஒருவர் இலண்டனில் ஒரு பிற்பகலைச் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

மண்ணுக்குள் ஓடும் வண்டி

உலகத்தின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் இலண்டனிலேதான் ஓடியது. 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆந் திகதி பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை அது மக்களை ஏற்றிச் சென்றது. நீராவி எஞ்சின் இழுத்த வண்டியாதலின், அது உண்மையிலேயே புகையிரதந்தான். சுரங்கத்துள் புகை மண்டிப் பயணிகள் இருமிக்கொண்டு சென்ற காலம் அது. 1890ஆம் ஆண்டில் ஆழமாகத் துளைத்த குழாய் வடிவான சுரங்கத்துள் மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. புகை போயிற்று, இருந்தும் நாம் பழக்கம் விடாது இன்னும் புகையிரதம் என்றே சொல்லி வருகிறோம். இலண்டன் மக்களோ சுரங்கத்தின் வடிவத்தைக் கொண்டு அதனைக் 'குழாய்' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

இன்று 272 நிலையங்களைக் கொண்டு விளங்கும் அந்தப் பெரு வலையில், வரைபடத்திற் செந்நிறக் கோடாகக் காணப்படுவது 'சென்றல்' வழி. 1900ஆம் ஆண்டிலே தொடங்கிய இவ்வழி, மேற்கே வெஸ்ற் றைஸ்லிப் முதல் கிழக்கே எப்பிங் வரை 49 நிலையங்களைத் தொட்டுச் செல்கிறது. இதன் கிழக்குப் பகுதியில் உள்ள இல்போர்ட் வட்டாரம் நம் நாட்டுத் தமிழர் பலர் குடியேறி வாழும் இடமாகும். என் தமக்கையார் குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு விடுமுறைக் காலத்தில் அவர்கள் இல்லத்திலே தங்கியிருந்தபோது இந்தச் செந்நிற வழியில் பலமுறை போய் வந்தேன்.

அவர்களுக்கு அண்மையிலுள்ள நிலையம் கான்ற்ஸ் ஹில். சார்ள்ஸ் ஹோல்டன் என்னும் கட்டடக் கலைஞர், மொஸ்கோ நகரத்து நிலையங்களின் சாயலில், வில்வளைவான கூரையுடைய நீண்ட மண்டபமாக அதனை அமைத்திருக்கிறார். அங்கிருந்து நகரை நோக்கிப் புறப்படும் வண்டி, றெட்பிறிட்ஜ், வான்ஸ்ரெட் என்னும் நிலையங்களைச் சுரங்கத்துள்ளே கடந்து, லேற்றன்ஸ்ரோனில் வெளிச்சத்துக்கு வருகிறது. சிறிது தூரம் வீடுகளின் பின்முற்றங்களைக் காட்டி ஓடுகிறது. பின்பு மண்ணுக்குள் புகுந்து, ஸ்ராற்போர்ட்டில் மீண்டும் ஒருமுறை தலை காட்டிவிட்டு, இருளுக்குள் இறங்கிவிடுகிறது. அடுத்தது மைல் என்ட். அதற்கடுத்தது பெத்னல் கிறீன்.

ஏழை எளியவர் ஊர்

பெத்னல் கிறீன் பட்டு நெசவாளர் ஊராக ஒரு காலத்தில் விளங்கியது. பிரான்ஸ் நாட்டிலிருந்து மதத் துன்பத்துக்கு அஞ்சி ஓடி வந்தோர் அந்தத் தொழிலை இவ்வட்டாரத்திற் பரப்பினர். நெசவு நலிந்த பின்னர் வறுமை குடிகொண்டது. யூத மக்கள் வந்தார்கள். பிற்காலத்திலே வங்காள தேசத்து மக்கள் வந்தார்கள். கப்பலால் இறங்கியோர் முதலிற் கால் ஊன்றும் கிழக்கு இலண்டனின் இயல்பு இது.

நிலையத்தினுள்ளே இளமஞ்சள் நிற ஓடுகள் சுவரை மூடியிருக்கின்றன. அவற்றினிடையே, இலண்டனின் சின்னங்களைப் புடைப்பாக வடித்த சில ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஹரல்ட் ஸ்ரேப்ளர் என்னும் கலைஞரின் கைவண்ணம் அவை. மேடையில் வண்டிக்குக் காத்து நிற்பவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் சத்தமிட்டுக்கொண்டு நகரும் படிக்கட்டில் ஏறுகிறார்கள். அங்கு நின்று பார்ப்பவருக்கு, இவ்விடத்தில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இரவு தோறும் படுத்துறங்கினார்கள் என்பது எளிதில் மனத்திற் படியாது.

நிலத்தின் கீழ் ஒரு சிற்றூர்

லிவர்பூல் ஸ்றீற்றுடன் முடிந்திருந்த 'சென்றல்' வழியைக் கிழக்கே நீட்டும் வேலை 1936ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. சுரங்கம் துளைத்து முடிந்தது. ஆனால், தண்டவாளம் இடுமுன்னரே இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆந் திகதி இலண்டன் மீது ஜேர்மானிய விமானங்கள் தொடர்ச்சியாகக் குண்டு பொழியத் தொடங்கின. துறைமுகத்தை அடுத்த கிழக்கு இலண்டனே முதலிற் பற்றி எரிந்தது. வீட்டில் நிலவறை இல்லாத ஏழைகள் எங்கே ஒளிவது? வெறுமையாய்க் கிடந்த பெத்னல் கிறீன் சுரங்கம் புகலிடமாயிற்று.

நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 78 அடி ஆழத்தில் ஒரு சிற்றூரே உருவாகியது என்று சொல்லலாம். அடுக்குக் கட்டில்கள் மாத்திரம் 5,000 இருந்தன. மேலும் 2,000 பேருக்கு இடமிருந்தது. சிற்றுண்டிச்சாலை, வைத்தியர் அறை, சிறுவர் பராமரிப்பு நிலையம், நாடக அரங்கு என்பனவும் வந்து சேர்ந்தன. ஆசிரியனாகிய என்னைப் பெரிதும் கவர்ந்தது அங்கிருந்த நூல்நிலையம். பெத்னல் கிறீன் பொது நூல்நிலையம் குண்டு வீச்சின் முதல் நாளிலேயே தாக்குண்டது. அதன் பொறுப்பாளர்கள் சோர்ந்துவிடாமல், வண்டி ஓட வேண்டிய பாதையின் மேலே பலகையடித்து, ஏறத்தாழ 4,000 நூல்களை அடுக்கி, 1941ஆம் ஆண்டில் அங்கே ஒரு நூல்நிலையத்தைத் திறந்தனர். மேலே நகரம் எரிந்துகொண்டிருக்கக் கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று கதைப்புத்தகம் வாங்கிச் சென்றனர்.

எழுநூறன்று, ஏழாயிரம் பேர் கூடக்கூடிய அந்தச் சிற்றூருக்கு வாயில் ஒன்றே ஒன்று. தெருவிலிருந்து பத்தொன்பது படிகள் நேரே இறங்கும்; ஒரு திருப்பம்; பின் ஏழு படிகள்; அதன்பின் பயணச்சீட்டு மண்டபம். பத்தொன்பது படிகளும் கரடுமுரடானவை. ஏறத்தாழ பத்தடி அகலமுள்ள அப்படிக்கட்டின் நடுவிலே பிடித்து இறங்கக் கம்பி இல்லை. விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று, மங்கலான ஒரேயொரு மின்குமிழ் மட்டும் எரிந்தது.

மார்ச் மூன்றாம் நாள்

1943ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் பிரித்தானிய விமானங்கள் பேர்லின் நகரைக் கடுமையாகத் தாக்கியிருந்தன. பழிக்குப் பழியாக எதிரி வருவான் என்று இலண்டன் மக்கள் எதிர்பார்த்திருந்தனர். 3ஆந் திகதி, புதன்கிழமை, மழை பெய்து ஓய்ந்த இரவு. எட்டேகால் மணி கடந்ததும் அபாயச் சங்கு ஊதிற்று. மக்கள் வழக்கம்போல் படுக்கைகளையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு நிலையத்தை நாடினர். அடுத்த பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 1,500 பேர் ஒழுங்காக இறங்கிச் சென்றுவிட்டனர்.

எட்டு மணி இருபத்தேழு நிமிடமளவில், அண்மையிலுள்ள விக்டோறியா பூங்காவிலிருந்து, அதுவரை எவரும் கேட்டறியாத பேரிரைச்சல் எழுந்தது. விமானங்களைச் சுடுவதற்காக அங்கு நிறுத்தப்பட்டிருந்த புதுவகை ஏவுகணைகள் ஒன்றாகப் புறப்பட்ட ஓசை அது. அவை தம்மவருடையவை என்று மக்களுக்கு எவரும் முன்னறிவித்திருக்கவில்லை. குண்டுதான் விழுகிறதென்று எண்ணி, வாயிலில் நின்றோர் முன்னே நெருக்கினர். அதே வேளையில், கையிற் குழந்தையுடன் இறங்கிய ஒரு பெண் அடிப்படிகளை நெருங்கிய இடத்திலே கால் தடுக்கி விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் அவள்மீது விழுந்தார். அவர்மீது மற்றொருவர். கீழே நடப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. இருளில் எதுவும் புலப்படாது. அவர்கள் நெருக்கிக்கொண்டே இருந்தார்கள்.

சில கணங்களுள் ஏறத்தாழ 300 பேர் அந்தக் குறுகிய இடத்தில் ஒருவர்மேல் ஒருவராகச் சிக்குண்டனர். கீழிருந்தோர் இழுத்துப் பார்த்தும் எவரையும் எடுக்க இயலவில்லை. எல்லோரையும் வெளியே எடுத்து முடிய நள்ளிரவு நெருங்கிவிட்டது. இறந்தோர் 173 பேர். அவர்களுள் 84 பேர் பெண்கள், 27 பேர் ஆண்கள், 62 பேர் குழந்தைகள். முதலில் விழுந்த பெண் உயிர் பிழைத்தாள். அவள் குழந்தை பிழைக்கவில்லை.

அன்றிரவு பெத்னல் கிறீனில் ஒரு குண்டுதானும் விழவில்லை. அந்தப் போர்க்காலத்திலே பிரித்தானியப் பொதுமக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய விபத்து, எதிரியின் கை படாமலே நிகழ்ந்து முடிந்தது.

மூடி வைத்த உண்மை

செய்தித்தாள்களில் விபத்து நடந்த இடத்தின் பெயரை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. மீட்புப் பணியில் நின்றோருக்குக் கண்டதைப் பேசக்கூடாதென்று கட்டளை. நீதவான் லோறன்ஸ் டன் என்பவர் இரகசிய விசாரணை நடத்தி, அந்த மாதத்திலேயே அறிக்கை சமர்ப்பித்தார். உண்ணாட்டமைச்சர் ஹேர்பேர்ட் மொறிசன் அதனை வெளியிடவில்லை. எதிரிக்குச் செய்தி போய்விடும் என்பது கூறப்பட்ட காரணம். அறிக்கை வெளிவந்தது 1945ஆம் ஆண்டு ஜனவரியிலேதான்.

உண்மையை மூடி வைத்தால் அவ்விடத்தில் வதந்தி முளைக்கும். கள்வர் தள்ளினர் என்றனர் சிலர். யூதர்கள் அஞ்சி ஓடியதே காரணம் என்றனர் வேறு சிலர். இக்கதை அடியோடு பொய் என்று நீதவான் தம் அறிக்கையிலே எழுதியிருந்தார். ஆனால், அறிக்கைதான் பூட்டிய பெட்டிக்குள் கிடந்ததே!

அந்தப் பெட்டிக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்நுழைவாயில் பெருங்கூட்டத்தைத் தாங்காது என்று அஞ்சிய பெத்னல் கிறீன் நகரசபை, அதனைத் திருத்தி வலுப்படுத்த 1941ஆம் ஆண்டிலேயே மேலதிகாரிகளிடம் அனுமதி கோரியிருந்தது. ஒரு முறைக்கு மேல் கடிதம் எழுதியும் கிடைத்த விடை, அது வீண் செலவு என்பதே. விபத்தின் பின்னர் கணவனையும் மகளையும் பறிகொடுத்த ஒரு பெண் நகரசபைமீது வழக்குத் தொடுத்து வென்றாள். மேன்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. கேட்டு மறுக்கப்பட்டவர்கள்மீது பழி விழுந்தது. மறுத்தவர்கள் எழுதிய கடிதங்களை மக்கள் அப்போது காணவில்லை.

விபத்தின் பின் படிக்கட்டின் நடுவே கைப்பிடிக் கம்பி நாட்டினார்கள். படிகளின் ஓரத்துக்கு வெள்ளை வர்ணம் பூசினார்கள். வெளிச்சத்தைச் சீர்செய்தார்கள். ஒரு தச்சனும் ஒரு கொல்லனும் சில நாட்களிற் செய்து முடிக்கக்கூடிய வேலை. 1946ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி முதலாவது புகையிரதம் அந்நிலையத்தில் வந்து நின்றது.

அக்காவின் சொல்

நான் அப்படிக்கட்டைப் பார்க்கச் சென்ற நாளில் தமக்கையாரும் உடன் வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாக அவ்வழியே போய் வந்தும் ஒருநாளாவது அந்நிலையத்தில் இறங்கியதில்லை என்றார். நாங்கள் தென்கிழக்கு வாயிற் படிகளில் ஏறி வந்தோம். வாயிலின் மேலே, 1993ஆம் ஆண்டில், ஐம்பதாவது நினைவு நாளிலே பதித்த சிறு தகடு ஒன்று இருக்கிறது. அதனைப் படித்துவிட்டு அவர் கீழே திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு கம்பியிற் கை வைத்தபடி, "தம்பி, எங்கட பங்கருக்கு அப்பா கயிறு கட்டினவரெல்லே, ஞாபகமிருக்கே?" என்று கேட்டார்.

நன்றாக ஞாபகமிருந்தது. போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றின் வளவுக்குள்ளும் ஒரு பதுங்கு குழி இருந்தது. எங்கள் வளவில், கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் நடுவே, பனங்குற்றி பரப்பி மண்மூட்டை அடுக்கிய குழி. மண்ணை வெட்டிச் செய்த ஆறு படிகள். மழைக்காலத்தில் அவை சேறாகி வழுக்கும். அதனால் அப்பா இரு பக்கமும் முளையடித்துத் தும்புக் கயிறு கட்டியிருந்தார். அயல்வீட்டார் இதனைக் கண்டு, பங்கருக்கும் கைபிடியா என்று சிரித்ததுண்டு.

"இரவிலை விமானச் சத்தம் கேட்டால், அம்மா வாசல்லை நிண்டுகொண்டு, 'ஆச்சி முதல் இறங்கட்டும், ஒருத்தரும் தள்ளாதேங்கோ' எண்டு சொல்லுவா. அவ எப்பவும் கடைசியாத்தான் இறங்கினவ," என்றார் அக்கா.

அதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசவில்லை. பதுங்கு குழியின் ஆழம் எங்கள் உயிரைக் காத்தது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அப்பாவின் கயிறும் அம்மாவின் சொல்லும் அதிற் பங்கு கொண்டவை என்பதை அந்தத் தெருமுனையில் நின்றபோது உணர்ந்தேன்.

தலைகீழான படிக்கட்டு

நிலைய வாயிலை அடுத்த பூங்காவின் மூலையில் இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. தேக்கு மரத்தாலான ஒரு படிக்கட்டு. ஆனால் தலைகீழாக வானில் தொங்குகிறது. உண்மையான படிக்கட்டின் அதே அளவு. அதே பத்தொன்பது படிகள். ஹறி பற்றிக்காஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பு இது. மேற்புறத்தில் 173 சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஒளி கீழே விழும். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துளி ஒளி. பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணும்போது கண் அதற்கு மேல் நகர மறுக்கிறது. உயிர் பிழைத்தோரும் இறந்தோரின் உறவினரும் பல ஆண்டுகள் பொதுமக்களிடம் பணம் திரட்டி இதனை எழுப்பினர். திறந்து வைக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி. நடந்ததற்கும் நினைவுச் சின்னத்துக்கும் இடையே 74 ஆண்டுகள்!

எதிரே இருக்கும் புனித ஜோன் ஆலயத்திலே ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நினைவு வழிபாடு நடைபெறுகிறது. அன்று குழந்தைகளாயிருந்து தப்பியவர்களில் எஞ்சியிருப்போர் இப்போது மிகவும் முதியவர்கள்.

இலண்டனுக்குச் செல்லும் வாசகர் எவரேனும் லிவர்பூல் ஸ்றீற்றிலிருந்து கிழக்கே ஒரே ஒரு நிலையம் தாண்டி அங்கே இறங்கலாம். பிள்ளைகளுடன் செல்வோருக்கு, சிறுவருக்கெனப் புதுக்கி 2023ஆம் ஆண்டில் மீளத் திறந்த நூதனசாலையும் சில நிமிட நடையில் இருக்கிறது. நினைவுச் சின்னத்தைப் பார்த்தபின் படிக்கட்டுக்கும் ஒருமுறை வாருங்கள். மாலை வேளையானால் இன்னும் நல்லது. வேலை முடிந்து வருவோர் கூட்டம் கூட்டமாக ஏறுவர். வெளியே செல்வோர் இறங்குவர். கையிற் குழந்தையோடு ஒரு தாய் வருவாள். பையைத் தூக்கிக்கொண்டு ஒரு முதியவர் வருவார். எவரும் எதனையும் நினைப்பதில்லை. வீடு போய்ச் சேரும் அவசரம் அவர்களுக்கு. ஆயினும், நடுவிலுள்ள அந்தக் கம்பியை அவர்களின் கை தானாகவே தேடிப் பிடிக்கிறது.